கண்ணாடிக் கோயிலில் ஒரு வேண்டுதல்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பஸ் ஏறி, கடலைக் கடக்கும் ஒரு கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டினால் ஜொகூர் பாரு. எல்லோரும் ஷாப்பிங் மால்களுக்குத் திரும்ப, நான் ராஜகாளியம்மன் கோயிலுக்கு டாக்சி பிடித்தேன்.

1922-ல் ரயில் பாதையோரம் சிறு குடிசையாகத் தொடங்கிய கோயில். ஜொகூர் சுல்தான் கொடுத்த நிலம் என்கிறார்கள். 2009-ல் சுவர், தூண், கூரை எல்லாவற்றையும் கண்ணாடித் துண்டுகளால் இழைத்துவிட்டார்கள். எங்கே திரும்பினாலும் நம் முகம் நூறாகத் தெரிகிறது.

பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன வேண்டிக்கிட்டீங்கம்மா?” என்றேன்.

“இந்திரா காந்தி பிள்ளை வீடு திரும்பணும்னு.”

நான் விழித்தேன். “உங்க ஊர் இந்திரா இல்ல தம்பி. எங்க ஈப்போ இந்திரா.”

ஈப்போ நகரின் பாலர் பள்ளி ஆசிரியை அவர். 2009-ல் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். அது அவர் உரிமை. ஆனால், தாய்க்குத் தெரியாமல், பிள்ளைகள் நேரில் இல்லாமலேயே மூவரையும் மதம் மாற்றிப் பதிவு செய்தார். 11 மாதக் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தைக்கு என்றது. சிவில் நீதிமன்றம் தாய்க்கு என்றது. இந்துவான தாய் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காடவே முடியாது.

வழக்கின் முடிச்சு ஒரே ஒரு சொல். 18 வயதுக்கு உட்பட்டவரின் மதத்தை ‘பேரண்ட்’ முடிவு செய்வார் என்கிறது மலேசிய அரசியல் சட்டத்தின் 12(4) பிரிவு. சொல் ஒருமையில் இருப்பதால் தாய், தந்தை இருவரில் ஒருவர் போதும் என்று பொருள் கொண்டிருந்தார்கள். 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: இருவர் சம்மதமும் வேண்டும், அந்த மதமாற்றம் செல்லாது.

“தீர்ப்பை எழுதினவங்க ஜைனுன் அலி. முஸ்லிம் பெண்மணி. எங்களுக்கும் அவங்களுக்கும் சண்டைன்னு ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க” என்றார் ஆசிரியை.

தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016-லேயே கூட்டரசு நீதிமன்றம் போலீஸுக்கு உத்தரவிட்டிருந்தது. ஆனாலும் தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் கடைசி மகள் தாயிடம் வந்து சேரவில்லை. கைக்குழந்தையாகப் போனவளுக்கு அம்மாவின் முகம் எப்படி நினைவிருக்கும்?

தமிழில் ‘பெற்றோர்’ என்றாலே அம்மாவும் அப்பாவும்தான். நாம் யோசிக்காமல் சொல்லும் அந்தச் சொல்லுக்காக ஒரு தாய் ஒன்பது ஆண்டுகள் கோர்ட் படி ஏறியிருக்கிறார்.

மணி அடித்தது. தீபாராதனை. ஆசிரியை எழுந்து கை கூப்பினார். நானும் எனக்கென்று எதுவும் கேட்காமல், அவருடைய வேண்டுதலையே சொல்லிவிட்டு வந்தேன்.