உன் மேசாவும் நம் நகரி மலையும்

புத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

அரிசோனாவிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. செக்கச் செவேலென்ற பொட்டல், நடுவில் தலை தட்டையான ஒரு மேசா மலை, அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நீ. அந்த ஒரு படத்தை மட்டும் அம்மாவிடம் காட்டவில்லை. பாதையே இல்லாத பொட்டலில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கி, ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால், ‘இந்த மாதிரி மலை நம்ம பக்கம் ஏதுக்கா’ என்று முடித்திருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது பொன்பாடி தாண்டியதும் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை போர்டை ஒரே மூச்சில் படிக்கப் போட்டி போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் ஜன்னலில் நம்மோடு கூடவே வருவது எது? மேலே தட்டை, அதற்குக் கீழே செங்குத்தான பாறைச் சுவர், அதற்கும் கீழே புதர் மண்டிய சரிவு. உன் மேசாவின் அமைப்பேதான். சிவப்பு இல்லை, பச்சை படர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தினம் பார்த்ததை யார் மலை என்று நினைத்தார்கள்! அந்த நகரி மலையின் முகடான நகரி மூக்கு ஏறத்தாழ 2,800 அடி. கடலுக்கு அவ்வளவு தூரம் உள்ளே இருந்தும், அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கரையை அடையாளம் வைத்துக்கொள்ள அந்த மூக்கைத்தான் பார்த்தார்களாம்.

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சிலரோடு நானும் ஏறிவிட்டு வந்தேன். முதலில் வனத்துறை அனுமதி. இங்கே அது சும்மா சம்பிரதாயம் இல்லை. செம்மரம் விளையும் காடு, மரக் கடத்தல் பயம். தோளில் பையோடு தமிழ் பேசிக்கொண்டு போகிற கும்பல் என்றாலே ஒரு பார்வை பார்ப்பார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. எங்களோடு வந்த வனத்துறை வாட்சர், கையெழுத்தான அனுமதிக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வழியில் ஒரு செம்மரத்தைக் காட்டினார். பாளம் பாளமாக வெடித்த கறுத்த பட்டை, கைக்குள் அடங்குகிற அடிமரம். இதற்கா இத்தனை உயிர் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கைலாசகோனா அருவிப் பக்கமிருந்து கிளம்பினோம். பாதி தூரம் வரை ஆட்டுத்தடம் உண்டு. அப்புறம் வாட்சர் காலை எங்கே வைக்கிறாரோ அங்கேதான் நாமும். கீழ்ச்சரிவு முழுக்க உருண்டு கிடக்கும் கருங்கல் குண்டுகள், இடையில் காரை முள். புடவை கட்டிக்கொண்டு போகவில்லை, கவலைப்படாதே. எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து அவர், “பயப்படாதீங்க டீச்சர், கால் போனாலும் கீழேதான் புத்தூர் கட்டு” என்றார். எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ வண்டி வைத்து வருகிற ஊரின் நகைச்சுவை இது. சிரித்ததில் மிச்ச மூச்சும் போயிற்று.

கருங்கல் சரிவு முடிந்து பாறைச்சுவர் தொடங்குகிற இடத்துக்கு வந்தோம். சுவரின் அடியில் ஒரு பட்டை, கடலை உருண்டை மாதிரி, கூழாங்கற்கள் இறுகிப் பதிந்த கல். அதற்கு மேலே எல்லாம் ஒரு காலத்து மணல், இப்போது குவார்ட்சைட். வில்லியம் கிங் என்ற புவியியலாளர் 1872-இல் கடப்பைப் பாறைகளைப் பற்றி எழுதியபோது பெயர் பெற்ற நகரி குவார்ட்சைட் இதுதான். கீழேயுள்ள கருங்கல்லின் வயது 250 கோடி ஆண்டுக்கு மேல். அது தேய்ந்து மொட்டையாகி, அப்புறம் கடல் வந்து மணலைக் கொட்டுவதற்குள் சுமார் 80 கோடி ஆண்டுகள் போய்விட்டன என்கிறார்கள். அத்தனை கால இடைவெளிக்கும் சாட்சி அங்கே ஒரு கோடுதான். நான் கட்டை விரலைக் கருங்கல்லிலும் சுண்டு விரலை மணற்கல்லிலும் வைத்துப் பார்த்தேன். திருமலை மலைப்பாதையிலும் இதே கோடு தெரிகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நாமோ வளைவு வந்தாலே கோவிந்தா என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். நீ போன கிராண்ட் கேன்யனிலும் இந்த மாதிரி ஒரு கோடு உண்டு. அங்கே இடைவெளி சில இடங்களில் 100 கோடிக்கும் மேல் என்று படித்தேன். போகட்டும், அந்த விஷயத்தில் நீயே ஜெயித்துக்கொள்.

சுவரில் ஒரு பிளவு வழியாகக் கையும் காலுமாக ஏறினால் மேலே சமதளம். இடுப்பளவு போதைப்புல், குட்டை ஈச்சை, வெறும் பாறைத் தரை. அந்தத் தரையில் வரி வரியாக அலைத்தடம். ஆழமில்லாத கடலில் தண்ணீர் மணலைத் தள்ளிவிட்டுப் போன தடம், கல்லாகவே நின்றுவிட்டது. அதன் மேல்தான் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். கிழக்கே பிச்சாட்டூர் ஏரி மின்னியது. தாத்தா இருந்திருந்தால் மா.பொ.சி.யின் எல்லைப் போராட்டக் கதையை ஆரம்பித்திருப்பார்: 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரியும் நாமும் ஆந்திரப் பக்கம் நின்றது. 2022-இல் நம்மைத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்து நகரியைச் சித்தூரிலேயே விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாந்தோப்பு.

உங்கள் பக்கம் ஹோப்பி மக்கள் மேசாவின் மேலேயே ஊர் கட்டி இருக்கிறார்களாமே. இங்கே மேலே யாரும் இல்லை, சாமிகூட இல்லை. பாறைப் பிளவுகளில் இறங்கும் மழை கீழே எங்கே வழிகிறதோ அங்கேதான் சாமியும் குடியிருக்கிறது. கைலாசகோனா, சிங்கிரிகோனா, சதாசிவகோனா எல்லாமே அப்படித்தான். இறங்கி வந்து அருவியில் தலையைக் கொடுத்தபோது அந்தக் குடியிருப்பின் நியாயம் எனக்குப் புரிந்தது.

நீ வருவதானால் பொங்கலை ஒட்டி வா. பங்குனி பிறந்தால் பாறை கொதிக்கும். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டராவது வேண்டும், மேலே சொட்டு கிடையாது. சென்ட் பூசிக்கொண்டு வராதே. சுவர் முழுக்க மலைத்தேன் கூடு. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, அனுமதிக்கு இங்கே முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும்.

உன் அக்கா