திருக்கோணமலைக் கரையில் ஒரு கூடிவாழ் பாடம்

திருக்கோணமலைக்குச் செல்வோர் கோணேசர் ஆலயத்தை வணங்கி, சுவாமி மலையின் உச்சியில் நின்று கடலழகைக் கண்டு, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடித் திரும்புவது வழக்கம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்ற இவ்வூரின் மணற்கரையிலே இன்னொரு காட்சியும் உண்டு. சற்று நின்று பார்ப்போர்க்கு அதுவே ஒரு பாடசாலை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அமைதியுற்றிருக்கும். அக்காலத்தில் நீர்கொழும்பு முதலிய ஊர்களின் மீனவர் இப்பக்கம் வந்து, கிடுகு வேய்ந்த வாடிகளிலே கூடித் தங்குவது நெடுநாள் வழக்கம். கரைவலையின் முறையையும் பாருங்கள். தோணி வலையை அரைவட்டமாக இட்டு வர, கரையில் இரு அணியினர் அதன் இரு முனைகளையும் இழுப்பர். ஓரணி தளர்ந்தாலும் மீன் நழுவிவிடும். வலைக்குரிய சம்மாட்டிக்கு ஒரு பங்கு போக, எஞ்சியது உழைத்தோர்க்கு. பங்கு இன்னதென்று முன்னமே தெரிந்திருப்பதனால் வேலை தடையின்றி நடக்கிறது.

வாடி வாழ்வு ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு கூடி வாழ இயலுமா?

இயலும் என்று காட்டியவர் டென்மார்க்கு நாட்டினர். 1964இல் யான் குட்மண்ட் ஹோயர் என்னும் கட்டடக் கலைஞர் நண்பர்களைக் கூட்டி இதைப் பற்றிப் பேசலானார். 1967இல் போடில் கிராயே என்னும் பெண்மணி, குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று எழுதிய கட்டுரை, ஒத்த எண்ணமுடைய குடும்பங்களை ஒன்று சேர்த்தது. 1972இல் சேட்டெடாமென் என்னுமிடத்தில் 27 குடும்பங்கள் குடியேறின. குடும்பந்தோறும் தனி வீடு, தனி அடுப்பு. எல்லார்க்கும் பொதுவாக ஒரு மனை. முதற் பேச்சுக்கும் முதற் குடியேற்றத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள்! அத்தனை காலமும் கூட்டங்களிலேதான் அவர்கள் கூடிவாழக் கற்றனர்.

நம் நாட்டுக்கும் அத்தகைய கூட்டம் புதிதன்று. 1958இல் ஏ. டி. அரியரத்தின என்னும் ஆசிரியர், கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவரைக் கனதொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்து வளர்ந்த சர்வோதய சிரமதான முகாம்களில், வந்தோரும் ஊராரும் சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்டு, ‘குடும்பக் கூட்டம்’ என்ற பெயரால் ஒன்றாக அமர்ந்து பேசினர்.

இன்று பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெரிய வீடுகளிலே முதிய பெற்றோர் தனித்திருக்கும் நிலையைத் தமிழ் ஊர்கள் எங்கும் காண்கிறோம். இரவில் மார்வலி வந்தால் கதவைத் தட்ட யாருளர்? கூடிவாழ விரும்புவோர் முதலில் கூடிப் பேசுதல் வேண்டும். நிலத்தின் விலையை யார் எவ்வளவு தருவது? பொதுச் சமையல் எந்நாட்களில்? ஒருவர் விலக நேர்ந்தால் அவர் பங்கு யாது? பொதுச் சொத்தைப் பற்றி 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் அறிந்தவரும், கட்டடம் அறிந்தவரும், பல பேர்க்குச் சமைத்துப் பழகிய தாய்மாரும் ஓரிடத்தில் அமர்ந்தால் விடைகள் கிடைக்கும். கேள்வி கேட்க மாணவர்களும் வரட்டும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இத்துறைமுக நகர், அத்தகைய கூட்டத்துக்கு ஏற்ற இடமே. கூட்டம் முடிந்த மறுநாட் காலையில் யாவரும் கரைவலை இழுபடும் இடத்துக்குச் சென்று பார்க்கலாம். இரு அணியும் கயிற்றைப் பற்றிய பின்னரே வலை கரை சேர்கிறது.