அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் வந்த விருந்தினர்

விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல். டிசம்பரில் பார்ப்பவர்கள் இதை வானம் பார்த்த பூமி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். உளுந்தும் பாசியும் காய் பிடித்திருந்தன, மிளகாய்ச் செடி பூத்திருந்தது, மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. முந்தைய நாள் மழையில் வண்டிப்பாதை இளகிக் கிடந்ததால் ஓட்டுநர் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல போனா டயரோட மண்ணும் சேர்ந்து வரும் சார்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் பார்க்கப் போனது ஒரு குழந்தைகள் இல்லம். மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்ச் சபையார் அங்கே ஒரு வாரம் ஊழியம் செய்ய வந்திருந்தார்கள். இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லத்து வாசலிலும் "பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஊரில் சபையாருக்குக் காட்ட வேண்டுமே!

உள்ளே நுழைந்ததும் பெயின்ட் வாசனை. கிழக்குச் சுவரில் இளைஞர்கள் மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் உருளையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து ஜன்னல் வரை ஒரு விரிசல் ஓடியது. வண்ணத்துக்கு அடியில் அது மறைந்துகொண்டிருந்தது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழம் போகாத அஸ்திவாரம் வருஷா வருஷம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். "இப்ப மண்ணு உப்பியிருக்கு, வெடிப்பு மூடுன மாதிரி தெரியும். சித்திரையில வந்து பாருங்க, விரலு நுழையும்" என்றார் கொத்தனார். வண்ணம் அடிக்கிறவர்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. விருந்தாளிகள் அல்லவா.

கூடத்தில் கைப்பொம்மை நாடகம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஓரத்தில் பெரிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மடியில் அறிவியல் புத்தகத்தை விரித்துவைத்து, பாதிக் கண்ணை மேடையிலும் பாதிக் கண்ணைப் பக்கத்திலும் வைத்திருந்தார்கள். மறுநாள் அரையாண்டுப் பரீட்சை. "அவங்க ஊர்ல லீவு விடுற சமயம் இதுதான். நம்ம பிள்ளைங்களுக்குப் பரீட்சையும் இதே சமயந்தான்" என்றார் வார்டன் அக்கா. குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்து நாளாயிற்று என்பதையும் அவரே சொன்னார்.

அலுவலக அறையில் வருகைப் பதிவேடு இருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய பக்கங்களில் வெளிநாட்டு முகவரிகள் நிறைய. இப்போது குறைவு. மதப் பணிக்குத் தனி விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவர், கூலி வாங்காமல், அதிகபட்சம் ஒரு மாதம் தொண்டு வேலை செய்யலாம். வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் வந்து சேர வேண்டும், அனுமதி பெற்ற ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. இந்த இல்லத்துக்கு அந்த அனுமதி இல்லை. அதனால் விருந்தினர்கள் தங்கள் கைவேலையையும் நேரத்தையும் மட்டும்தான் கொடுக்க முடியும். உள்ளூர்ச் சபைகளின் காணிக்கையிலும், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறவர்களின் தயவிலும்தான் அடுப்பு எரிகிறது.

இந்தச் சீமைக்கு இப்படிப்பட்ட இல்லங்கள் புதியவை அல்ல. தாது வருஷப் பஞ்சம் பெற்றோரைக் கொண்டுபோனபோது, நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தச்சும் தையலும் கற்றுக்கொடுக்க 1878இல் கைத்தொழிற்பள்ளி தொடங்கினார். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் சேர, களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஓர் இல்லம் வளர்ந்தது. இந்தியா வருவதற்கு முன் ஜப்பானில் ஏறக்குறைய ஒன்றேகால் வருஷம் இருந்து, உடம்புக்கு முடியாமல் திரும்பியவர் அவர். இங்கே வந்தபின் 1951இல் கண்ணை மூடும்வரை ஒரு விடுமுறைக்குக்கூடத் தாயகம் போகவில்லை. எல்லாரும் அப்படி இருக்க முடியாதுதான். ஆனாலும் ஒரு பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டால் மறுநாளும் அதே ஆள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை டோனாவூர் நமக்குச் சொல்கிறது.

மதியம் ஒரு தாய் வந்தார். கையில் காராச்சேவுப் பொட்டலம், சேலை முந்தியில் கரித்தூள். வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை. புருஷன் இல்லை. "எனக்கென்ன ஆசையா சாமி, பெத்த பிள்ளைய இங்க கொண்டாந்து விட? மூட்டம் போட்டா ராத்திரி காவ கெடக்கணும். கண்ணசந்தா உள்ள தீப்புடிச்சு அம்புட்டும் சாம்பலாயிரும். பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு அந்தக் காட்டுல நான் எங்க படுக்க?" மகள் சேவைத் தின்றுகொண்டே அம்மாவின் கைக்காப்பை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அனாதை இல்லம் என்று வெளியில் சொல்கிறார்கள். இங்கே இருக்கிறவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ உண்டு. செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள், உப்பளத்தில் நிற்பவர்கள். கம்போடியாவிலும் இதே கதைதான். சுற்றுலாப் பயணிகள் பெருகிய காலத்தில் இல்லங்களும் பெருகின, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார். பார்க்க வருகிறவர்களுக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கிற வியாபாரம் உலகில் உண்டு என்பதால், 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இத்தகைய தொண்டுப் பயணங்களின் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அந்தத் தாய்க்கு வேறு வழி ஏட்டில் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்தவர் பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து, தூத்துக்குடியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கொண்டுபோக வேண்டும். அலைச்சலில் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. தாலுகா ஆபீஸுக்கு அவரோடு போய் வரிசையில் நிற்க ஒருவர் கிடைத்தால், அதைவிடப் பெரிய ஊழியம் இந்த வட்டாரத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் அதைப் படம் எடுத்துச் சபையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின், பிள்ளைகள் படிக்கப் போனதும், குழுத்தலைவர் கேட்டார்: "அடுத்த வருஷம் நாங்க என்ன செய்யணும் அக்கா? சொல்லுங்க."

வார்டன் அக்கா யோசிக்கவே இல்லை. "மே மாசம் வாங்க. மண்ணு காஞ்சு கிடக்கும். சுவரோரம் தோண்டி அஸ்திவாரத்தைப் பலப்படுத்திரலாம். வயரிங் எல்லாம் பழசு, அதையும் மாத்தணும். கட்டில், அலமாரி எல்லாம் வெளிய எடுத்துப் போட இடஞ்சல் இருக்காது. போக்கிடம் இல்லாத ரெண்டு மூணு பேரு என்கூட இருப்பாங்க. மத்த பிள்ளைங்க ஊருக்குப் போயிருக்கும்."

"பிள்ளைங்களே இல்லாதப்ப நாங்க வந்து..." என்று ஆரம்பித்த ஓர் இளம்பெண் பாதியில் நிறுத்திக்கொண்டார். காலையிலிருந்து இரண்டு சிறுமிகள் அவர் கையைப் பிடித்தபடியே திரிந்தார்கள்.

"ஜூன்ல திரும்ப வந்துரும்மா. வரும்போது சுவரு நிக்கணும்ல?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. குழுவில் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். அன்று முழுதும் அவருக்குக் கிடைத்த வேலை பொம்மைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். மே மாதம் தன்னால் லீவு போட முடியும் என்றார். பிறகு மெயின் போர்டு எந்தப் பக்கம் என்று கேட்டு, டார்ச்சோடு எழுந்து போனார்.