தலைகீழாகப் பார்த்த அரங்கம்

ஜிம்னாஸ்டிக்ஸ் பெரும்பாலும் இரவல் கூரையின் கீழ் வாழும் விளையாட்டு. 1976-ல் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பத்துக்குப் பத்து வாங்கிய மான்ட்ரியல் ஃபோரம், அப்போது ஐஸ் ஹாக்கிக்காரர்களின் கோட்டையாக இருந்தது. 2012-ல் லண்டனில் போட்டி நடந்த ஓ2, இசை நிகழ்ச்சிகளுக்குப் பேர்போன இடம். 2024-ல் பாரிஸின் பெர்சி அரங்கில் பார்களையும் பீமையும் கழற்றி எடுத்த கையோடு கூடைப்பந்து வளையங்களை மாட்டிவிட்டார்கள். டோக்கியோவின் அரியாகே அரங்கத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்ததற்கு முதல் காரணம் இதுதான்: அது ஜிம்னாஸ்டிக்ஸை மனதில் வைத்தே கட்டப்பட்டது.

*

அரியாகே பற்றிச் சில விவரங்கள். வடிவமைப்பில் நிக்கென் செக்கெய், கட்டுமானத்தில் ஷிமிசு. 2019 அக்டோபரில் வேலை முடிந்தது. 12,000 பேர் உட்கார அப்போது இடம் இருந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே உலக டிராம்போலின் போட்டி அங்கே நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக் 2021-க்குத் தள்ளிப்போனபின், ஆர்ட்டிஸ்டிக், ரிதமிக், டிராம்போலின் ஆகிய மூன்று பிரிவுகளும் அங்கேதான் நடந்தன. பாராலிம்பிக்கில் போச்சா என்ற பந்து விளையாட்டை ஆடினார்கள்.

*

கூரை. ஏறக்குறைய 88 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. தாங்குவது மரம்: லார்ச் மரத்தைப் பட்டை பட்டையாக ஒட்டிச் செய்த பெரும் உத்தரங்கள், அவற்றுக்குத் துணையாக எஃகு. வெளிச்சுவரிலும் பார்வையாளர் பெஞ்சுகளிலும் சுகி எனப்படும் ஜப்பானிய செடார் மரம். மொத்தம் சுமார் 2,300 கன மீட்டர் மரம் செலவாகியிருக்கிறது. அரியாகே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் மரக்கட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சேமித்து வைத்தார்கள். விரிகுடாவில் மிதக்கும் மரக்கலம்போல அரங்கம் தோன்ற வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் நினைத்ததற்கு அந்த இடத்தின் வரலாறும் காரணம்.

*

பார்வையாளருக்குக் கூரை ஒரு அலங்காரம். நுழையும்போது ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம், பிறகு மறந்துவிடுவோம். குட்டிக்கரணம் போடுகிறவருக்கு அப்படியில்லை. ஒரு நொடிக்குள் தரை, சுவர், கூரை, மறுபடி தரை என்று எல்லாம் அவர் கண்முன் சுழல்கிறது. தான் எங்கே இருக்கிறோம், எப்போது காலை நீட்ட வேண்டும் என்பதை உள்காதும் கண்ணும் சேர்ந்துதான் சொல்கின்றன. கண்ணைக் கூசவைக்கும் ஒரு விளக்கு, தப்பான இடத்தில் மினுங்கும் ஒரு திரை போதும், அந்தக் கணக்கு பிசக. ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கம் நல்லதா இல்லையா என்று சொல்லும் முதல் உரிமை, அதைத் தலைகீழாகப் பார்த்தவருக்கே உண்டு.

*

சில அளவுகள். பேலன்ஸ் பீம்: நீளம் 5 மீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர், தரையிலிருந்து உயரம் 1.25 மீட்டர். ஃப்ளோர்: 12-க்கு 12 மீட்டர். வால்ட்டுக்கு ஓடிவரும் பாதை: 25 மீட்டர். ரிதமிக் ரிப்பன்: 6 மீட்டர். இவை எந்த ஊரிலும் மாறாது. மாறுவது இவற்றைச் சுற்றியுள்ள வெளி. குளிர்சாதனக் காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலே ரிப்பனில் முடிச்சு விழும். டிராம்போலினில் குதிப்பவர் தரையிலிருந்து எட்டு மீட்டர் உயரத்தைத் தொடுவார். அதற்கும் மேலே வெற்றிடம் இருந்தால்தான் பயமில்லாமல் எழும்ப முடியும். நடுத்தூண் இல்லாத மரக்கூரையின் பயன் இங்கேதான் புரிகிறது.

*

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2000 சிட்னி சாட்சி. பெண்கள் ஆல்-ரவுண்ட் இறுதிப்போட்டியில் வால்ட் கருவியை 5 சென்டிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினாவும் விழுந்தார். அந்தக் கலக்கம் தீராமல் அடுத்து பார்களிலும் விழுந்தார். உயரம் சரியில்லை என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது ஆஸ்திரேலியப் போட்டியாளர் அலானா ஸ்லேட்டர். அத்தனை அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்பியது ஒரு பெண்ணின் உடம்புக்குத் தப்பவில்லை. மறுபடி தாண்ட வாய்ப்புக் கொடுத்தார்கள். உடைந்த நம்பிக்கையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

*

2021 ஜூலை 27, அரியாகே. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் வால்ட்டில் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் இருக்கும்போது தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே போய்விட்டது. ஜிம்னாஸ்டுகள் இதை ட்விஸ்டீஸ் என்கிறார்கள். போட்டியிலிருந்து விலகினார். மனவலிமை போதாது என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதியவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தலை முதலில் தரையைத் தொட்டால் கழுத்து முறியும், விலகியதுதான் அறிவு. பயிற்சிக்கூடத்தில் விழுந்தால் தாங்கப் பஞ்சுக் குழி இருக்கும். போட்டி அரங்கில் மெத்தை மட்டும்தான். ஜுண்டெண்டோ பல்கலைக்கழகம் தன் பயிற்சிக்கூடத்தை அவருக்குத் திறந்துவிட்டது. ஆகஸ்ட் 3-ல் அரியாகேவுக்குத் திரும்பிவந்து, முறுக்கு இல்லாத ஒரு இறக்கத்தோடு பீமில் வெண்கலம் வென்றார்.

*

சத்தம் பற்றி. கொரோனாவால் அரியாகேவில் பார்வையாளர் யாரும் இல்லை. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா, வயது 46, எட்டாவது ஒலிம்பிக். வால்ட் இறுதிச்சுற்றுக்கு அவர் தேறவில்லை. அங்கிருந்த வீராங்கனைகள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், தன்னார்வலர்கள் எழுந்து நின்று தட்டிய கைத்தட்டல் சில நூறு பேருடையதுதான். அதைவிடப் பெரிய மரியாதை நிறைந்த அரங்கிலும் கிடைத்திருக்காது. பாரிஸில் நேர்மாறு. கூட்டம் நிரம்பி வழிந்த பெர்சியில், பீம் இறுதியின்போது ரசிகர்களே ஒருவரையொருவர் உஸ் உஸ் என்று அடக்கினார்கள். பைல்ஸும் சக அமெரிக்க வீராங்கனை சுனிசா லீயும் விழுந்தார்கள். அந்த அமைதி விசித்திரமாக இருந்தது, ஏதாவது சத்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். பயிற்சியில் எப்போதும் பாட்டோ பேச்சோ ஓடிக்கொண்டே இருக்கும். நாம் மரியாதை என்று நினைத்துத் தருவதை அவர்களிடம் கேட்டுவிட்டுத் தரலாம்.

*

டோக்கியோ ஒலிம்பிக் முடிந்ததும் அரியாகேவின் 12,000 இருக்கைகளையும் எடுத்துவிட்டார்கள். 2023 முதல் அரியாகே ஒரு கண்காட்சிக் கூடம். இது திடீர் முடிவு இல்லை. சுமார் பத்து ஆண்டுகள் கண்காட்சிக்குப் பயன்படுத்துவது என்று கட்டும் முன்பே தீர்மானித்ததுதான். பூட்டிக் கிடந்து பாழாகும் ஒலிம்பிக் கட்டடங்கள் எத்தனையோ. அதை எண்ணினால் இது பொறுப்பான ஏற்பாடு. ஆனாலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. இத்தனை யோசித்து ஒரு விளையாட்டுக்கு வீடு கட்டியபின், வருஷத்தில் சில வாரமாவது அந்த விளையாட்டு அங்கே நடக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா?

*

உள்விளையாட்டரங்கம் கட்ட வரைபடம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கை எத்தனை, வாகன நிறுத்தம் எத்தனை என்பதெல்லாம் இருக்கட்டும். விளக்குகளின் இடத்தை முடிவு செய்வதற்கு முன் அந்த ஊரில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒரு மெத்தையைப் போட்டு நாலு குட்டிக்கரணம் அடிக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கு கண்ணில் குத்தியது என்று அந்தக் குழந்தை சொல்லும். அதை எழுதிக்கொண்டு வரைபடத்தைத் திருத்துங்கள்.