பதற்றமான ஊர்

முத்துப்பேட்டைக்கு இரண்டு அடைமொழிகள் உண்டு. ஒன்று சுற்றுலாக்காரர்கள் சொல்வது: அலையாத்திக் காடு. இன்னொன்று காவல்துறை சொல்வது: பதற்றமான பகுதி. முதலாவதைக் கேள்விப்பட்டவர்கள், படகு எத்தனை மணிக்கு, காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று விசாரிப்பார்கள். இரண்டாவதைக் கேள்விப்பட்டவர்கள், "அங்க எப்படிங்க இருக்கீங்க?" என்பார்கள். சென்னைக்கு வந்த இந்தப் பதினோரு வருடத்தில் என் காதில் அதிகம் விழுந்தது இரண்டாவது கேள்விதான்.

என் பெயர் இந்துப் பெயர். அதனால் அந்தக் கேள்வியில் ஒரு பரிவு இருக்கும். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பனும் நானும் சேர்ந்து இங்கே வாடகைக்கு வீடு தேடினோம். அவனுக்கு அந்தப் பரிவு கிடைக்கவில்லை. ஒரு வீட்டு உரிமையாளர் எங்கள் இருவரின் ஆதார் அட்டைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு என்னை மட்டும் மாடிப்படி பக்கம் கூப்பிட்டார். "தம்பி, உங்களுக்குன்னா பிரச்சினை இல்ல. அவரு ஊரு முத்துப்பேட்டைன்னு போட்டிருக்கே, அதான் யோசிக்கிறேன்." என் அட்டையிலும் அதே ஊர், அதே பின்கோடுதான் இருந்தது.

அந்த ஊர் திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் 'தஞ்சாவூர் ஜில்லா' என்றுதான் சொல்வார்கள். வடக்கே பார்த்தால் வயல், தெற்கே போனால் சதுப்பும் காயலும் கடலும். கோரையாறு, பாமணியாறு எல்லாம் காவிரித் தண்ணீரை வயலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற இடம். பல தெருக்களில் ஆம்பளைகள் ஊரில் இல்லை. சிங்கப்பூரில், மலேசியாவில், வளைகுடாவில் இருக்கிறார்கள். பெரிய வீடுகளில் ஒரு அம்மா, ஒரு மருமகள், இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான்.

பதற்றம் என்ற சொல் வருடத்தில் ஒரு நாளிலிருந்து வருகிறது. 1990களில் தொடங்கிய விநாயகர் ஊர்வலம் ஜாம்புவானோடை வடகாட்டிலிருந்து கிளம்பி, ஆசாத் நகர், பழைய பேருந்து நிலையம், பங்களா வாசல் வழியாகப் போய் செம்படவன்காட்டில் பாமணியாற்றில் கரைப்பதோடு முடியும். அன்றைக்கு ஊர்வலப் பாதையில் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். டாஸ்மாக் மூடியிருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார் வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து இறங்குவார்கள். இப்போது டிரோனும் பறக்கிறது. அம்மா முதல் நாளே காய்கறியும் பாலும் வாங்கி வைத்துவிடுவாள். எந்த ஊரிலிருந்தோ வந்த இளம் போலீஸ்காரர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இங்க எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்பார்கள். மறுநாள் காலை அவர்களின் வேன்கள் போய்விடும். பழைய பேருந்து நிலையத்து டீக்கடையில் வழக்கமான ஆட்கள் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதே ஜாம்புவானோடையில்தான் தர்காவும் இருக்கிறது. கந்தூரி விழாவில் சந்தனக்கூடு ஊர்வலத்துக்கு எல்லா மதத்து ஜனமும் வரும். எனக்கு முதல் மொட்டைக்குப் பிறகு அம்மா நேர்ச்சையாகக் கொண்டுபோய் நிறுத்தியது அங்கேதான். அந்தக் கூட்டத்தை வைத்து யாரும் ஊருக்கு அடைமொழி கொடுக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, 'எங்க ஊர்ல எல்லாரும் அண்ணன் தம்பி' என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. கல்வீச்சும் கைகலப்பும் நடந்த ஆண்டுகள் உண்டு. ஊர்வலப் பாதை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு நாள் பயம் என்பது பொய்யான பயம் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளின் பெயரில் மற்ற 364 நாட்களும் எப்படி நடக்கின்றன என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் உறுத்தல்.

ஊர்களுக்குப் பாதுகாப்பு மார்க் போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கை வெளியிட்டதும் பத்திரிகைகள் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களை வரிசைப்படுத்தும். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதுதான் கணக்கு. 2022க்கான அறிக்கையில் கொல்கத்தாவுக்கு 86.5. நாட்டிலேயே பாதுகாப்பான பெருநகரம் என்று தொடர்ந்து அதற்குப் பெயர். 2024 ஆகஸ்ட் 9 அன்று அதே நகரத்தில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையின் கருத்தரங்கக் கூடத்தில், இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டுக் கிடந்தார். அடுத்த ஆண்டு 31 நகரங்களில் 12,770 பெண்களிடம் கேட்டு எடுத்த 'நாரி' என்ற அறிக்கை வந்தது. அதில் கொல்கத்தா கடைசி வரிசையில் இருந்தது. ஒரே நகரம்தான். ஒன்று போலீஸ் நோட்டைப் பார்த்துப் போட்ட மார்க், இன்னொன்று பெண்களைக் கேட்டுப் போட்ட மார்க்.

இன்னொரு உதாரணம் நம் எல்லோருக்கும் தெரிந்த காலத்திலிருந்து. 2020இல் நாட்டிலேயே அதிக வழக்குகள் பதிவானது தமிழ்நாட்டில். அந்த வருடம் இங்கே திடீரென்று எல்லோரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை, ஊரடங்கு. அரசு உத்தரவை மீறுவதற்கான 188ஆவது பிரிவில் 2019இல் நாடு முழுக்க 29,469 வழக்குகள். 2020இல் 6,12,179. பால் வாங்கப் போனவர், மாத்திரை வாங்கப் போனவர், சும்மா பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றியவர் எல்லோரும் குற்ற எண்ணிக்கைக்குள் வந்தார்கள். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. தரவரிசை போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கெட்ட பெயர் இப்படி என்றால், நல்ல பெயரும் அப்படித்தான். எங்கள் டெல்டாவுக்கு நெற்களஞ்சியம், கோயில்கள், சங்கீதம், சாதுவான ஜனங்கள் என்று ஒரு நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயருக்குள்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தின நாள் வரை தஞ்சை ஜில்லா பாதுகாப்பான இடமா என்று கேட்டால், மிராசுதார் வீட்டு வாசலில் ஒரு பதில் கிடைத்திருக்கும், சேரியில் வேறு பதில்.

முத்துப்பேட்டை மாதிரி சின்ன ஊருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது. அடைமொழி மட்டும்தான். ஆனால் அந்த அடைமொழி சும்மா இருப்பதில்லை, அது வேலை செய்கிறது. எப்படி என்பதை நான் தெரிந்துகொண்டது என் சித்தி மகள் மூலமாக.

அவள் அப்போது பிளஸ் ஒன். ட்யூஷன் முடிந்து ஏழரை மணிக்கு சைக்கிளில் வருவாள். ஒரு வாரமாக இரண்டு பையன்கள் பைக்கில் பின்னால் வந்தார்கள். ஒருநாள் தெருவிளக்கு இல்லாத இடத்தில் ஒருவன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் சைக்கிளோடு விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து போயிற்று. பையன்கள் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் முஸ்லிம் தெருப் பையன்கள்.

சித்தப்பா சிங்கப்பூரில். சித்தி பெரியப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா ஸ்டேஷனுக்குப் போகவில்லை, டீக்கடைக்குப் போனார். ஜமாத்தில் முக்கியமான ஒரு பெரியவரும் அங்கே வந்தார். இரண்டு பேரும் நாற்பது வருடப் பழக்கம், 'மாமா', 'மாப்ள' என்றுதான் பேச்சு.

"மாப்ள, கம்ப்ளைண்ட் குடுத்தா தப்பே இல்ல. பசங்க பண்ணது அநியாயம். ஆனா நாளைக்கே இத எவன் எவன் கையில எடுப்பான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதான் மாமா யோசிக்கிறேன். ஊர்வலம் வேற இன்னும் இருபது நாள்ல வருது."

அந்தப் பெரியவர் பையன்களை அவர்கள் அப்பா முன்னாலேயே நிற்கவைத்து அறைந்தார். பைக் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சித்தி வீட்டுக்கே வந்து வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். இரண்டு பெரியவர்களும் அன்றைக்குச் செய்தது விவேகமான காரியம் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். ஒரு கலவரம் வராமல் போனது என்பார்கள். வந்திருக்கவும் கூடும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவள் ட்யூஷன் நின்றுபோனது. சைக்கிளும் நின்றது. சித்தி மாலை ஆறு மணிக்கு மேல் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. தீபாவளிக்கு நான் போயிருந்தபோது அவள் சொன்னாள்: "அவனுங்க பைக்க ஒரே மாசத்துல திருப்பிக் குடுத்துட்டாங்கண்ணே. என் ட்யூஷன யாரு திருப்பித் தருவா?"

இதே கதை, தெருக்கள் இடம் மாறியும் நடந்திருக்கிறது. சென்னையில் வீடு தேடிய என் நண்பனின் அக்காவைக் கேலி செய்தவர்கள் எங்கள் பக்கத்துப் பையன்கள். அங்கேயும் டீக்கடைப் பேச்சு, அறை, மன்னிப்பு. அங்கேயும் நின்றது அக்காவின் கம்ப்யூட்டர் கிளாஸ்தான்.

இரண்டு சம்பவமும் எந்த நோட்டிலும் கிடையாது. புகார் கொடுத்திருந்தாலும் வழக்காகியிருக்கும் என்று உறுதியில்லை. தமிழ்நாட்டில் ஸ்டேஷனுக்குப் போனவர்களுக்கு சி.எஸ்.ஆர். என்றால் தெரியும். புகாரை வாங்கிக்கொண்டு, எண் போட்ட ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகும்வரை குற்றக் கணக்கில் ஏறாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் ரசீதோடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. எங்கள் ஊர்க் கதை அந்த ரசீது வரைக்கும்கூடப் போகாது. ஊருக்குக் கலவரப் பெயர் இருப்பதாலேயே சின்னக் குற்றங்கள் வாசலிலேயே அமுங்கிவிடுகின்றன. இப்படியாக ஊரின் பெயர் கெட்டும், நோட்டு சுத்தமாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதினாறு வயசுப் பெண் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

அதன்பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம், உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று பேச்சுவாக்கில் கேட்க ஆரம்பித்தேன். அம்மா யோசிக்கவே இல்லை: "பூட்டுன வீடுதான். ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா பீரோ திறந்து கெடக்குமோன்னு." நண்பனின் அம்மாவுக்குப் பயம் போனில். வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுகளைக் குறிவைத்து, போலீஸ் பேசுகிறேன், உங்கள் பையன் மாட்டிக்கொண்டான் என்று வருகிற அழைப்புகள். ஆட்டோ ஓட்டுகிற அண்ணனுக்கு ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருகிற லாரி. காயலில் வலை போடுகிற மாமாவுக்குக் காற்று; 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்து தென்னையையும் கூரையையும் அலையாத்தி மரங்களையும் சாய்த்த பிறகு, கார்த்திகை மாதம் முழுக்க அவருக்குத் தூக்கம் கிடையாது. என் அண்ணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள இருட்டு. ஊர்வலத்தை முதலாவதாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அதை ஊர்வலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் முதலில் சொல்கிறார்கள்.

இந்தப் பயங்களுக்கெல்லாம் ஆயிரம் போலீஸார் வேண்டியதில்லை. அந்த இருட்டுத் திருப்பத்துக்கு ஒரு தெருவிளக்கு போதும். ராத்திரி ரோந்து வருகிற இரண்டு பேர், சாலையில் ஒரு தடுப்பு, புகார் எழுத வந்த பெண்ணிடம் 'பசங்க எந்தத் தெரு?' என்று முதலில் கேட்காத ஒரு எழுத்தர் போதும். ஒரு நாள் பந்தோபஸ்துக்கு வருகிற கவனத்தில் கொஞ்சம் மிச்ச நாட்களுக்கும் வந்தால் கிடைக்கக்கூடியவைதான் எல்லாம்.

என் சித்தி மகள் இப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இரவுப் பணி முடித்துவிட்டு சில நாள் எனக்கு போன் செய்வாள். கூடப் படிக்கிற பெண்கள், "உங்க ஊர் டேஞ்சராமே?" என்று கேட்கிறார்களாம். "நீ என்ன சொல்லுவ?" என்றேன். "எந்த டேஞ்சர்னு திருப்பிக் கேப்பேன். யாருக்கும் பதில் தெரியாது" என்றாள்.

அவள் கேள்வியைத்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஊர் பாதுகாப்பானதா என்று பார்க்க அங்கே எத்தனை வழக்கு என்று எண்ணுவதைவிட, வழக்குக் கொடுக்க யாரால் முடிகிறது என்று பார்க்கலாம். முத்துப்பேட்டை ஸ்டேஷனில் ஏதோ ஒரு வருடம், பைக்கில் துரத்தியது, துப்பட்டாவை இழுத்தது, போனில் மிரட்டியது என்று புகார்கள் வரிசையாகப் பதிவாகி எண்ணிக்கை ஏறினால், பத்திரிகைகள் 'முத்துப்பேட்டையில் குற்றங்கள் அதிகரிப்பு' என்று எழுதும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாராவது, "அங்க எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்டால், இப்பதாங்க கொஞ்சம் நல்லாருக்கோம் என்று சொல்வேன்.