மாயாவிக்கு முகம் எதற்கு?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மத்தியானம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் பாயை விரித்துச் சற்றுக் கண்ணயரலாம் என்று நாம் உத்தேசித்திருந்த சமயம். திண்ணையில் பெரிய வாக்குவாதம் நடப்பது காதில் விழுந்தது. சொத்துத் தகராறு ஏதாவது முளைத்துவிட்டதோ என்று பயந்து எழுந்து போனோம். நல்ல வேளை! தகராறு சொத்தைப் பற்றியதல்ல, சினிமாவைப் பற்றியது.

இரும்புக்கை மாயாவியின் கதையைத் திரைப்படமாக எடுத்தே தீரவேண்டும் என்று ஒரு கட்சி. எடுக்கவே கூடாது என்று மற்றொரு கட்சி. அந்தப் பெயரில் ஒரு படம் வரப்போவதாகப் பத்திரிகைகளில் அவ்வப்போது பேச்சு அடிபட்டதை நேயர்கள் அறிந்திருப்பார்கள். அதுதான் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் வந்து புகுந்திருந்தது. முதல் கட்சிக்குத் தலைவன் காலஞ்சென்ற நம் தமையனாரின் பேரன், வயது பன்னிரண்டு. எதிர்க்கட்சிக்குத் தலைவர் அவனுடைய தகப்பனாரேதான்.

"சின்னத் தாத்தா! நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். அப்பா சொல்வது நியாயமா?" என்று பையன் கேட்டான்.

"சித்தப்பாவைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் என் பக்கந்தான்" என்றார் அவன் தகப்பனார்.

உண்மையில் நாம் எந்தப் பக்கம் என்பது நமக்கே தெரியவில்லை. "யோசித்துச் சொல்லுகிறோம்" என்று வாய்தா வாங்கிக்கொண்டு பாய்க்குத் திரும்பினோம். தூக்கந்தான் வரவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு மாயாவியை அறிமுகம் செய்து வைப்பது, திருநெல்வேலிக்காரருக்கு அல்வாவை அறிமுகம் செய்து வைப்பது போலாகும். ஆகையால் இளையவர்களுக்காக மட்டும் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். 1972-ஆம் ஆண்டில் சிவகாசிக்காரர்களின் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, அதன் முதல் புத்தகத்தின் பெயரே 'இரும்புக்கை மாயாவி' என்பதுதான். மாயாவி பிறந்தது நம் நாட்டில் அல்ல. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகை ஆரம்பமாயிற்று. அதில் வந்த சித்திரக் கதை இது. ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் பல்மர் என்னும் ஆங்கிலேயர். சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா நகரில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆங்கிலேயர் எழுதி, ஸ்பானியர் வரைந்த கதாநாயகன் தமிழ் பேசத் தொடங்கியதும் முழுச் சுதேசியாகிவிட்டான். அவனை வெளியூர்க்காரன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கதையின் அஸ்திவாரம் மிகச் சிறியது. லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக் கொண்டவன். பரிசோதனைச் சாலையில் நேர்ந்த ஒரு வெடிப்பில் அவன் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. உடனே அவன் தேகம் மறைந்து போகிறது. இரும்புக் கை மட்டும் மறையவில்லை! அது முதல், மின்சாரத்தைத் தொட்டபோதெல்லாம் அவன் மறைவான். சக்தி தீர்ந்ததும் மீண்டும் தெரிவான். ஆரம்பத்தில் அவன் நல்லவனும் அல்ல. மனம் கசந்து, குற்றங்கள் செய்து, பிற்பாடுதான் திருந்தி, இரகசியப் படையில் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டான்.

படமாக்கலாம் என்போரின் கட்சியை முதலில் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத மனிதனைச் சினிமாவில் காட்டுவது (அதாவது, காட்டாமல் இருப்பது!) புதிய வித்தை அல்ல. எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலை 1933-ஆம் ஆண்டிலேயே ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள். நடிகருக்குக் கறுப்பு வெல்வெட் துணியைப் போர்த்தி, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, சட்டை மட்டும் தனியே நடமாடும்படி செய்தார்கள். பம்பாயில் 1987-இல் வந்த 'மிஸ்டர் இந்தியா'விலோ, மறைந்திருக்கும் கதாநாயகன் சிவப்பு வெளிச்சத்தில் மாத்திரம் தெரிவான். வெல்வெட்டையும் சிவப்புக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டே அவ்வளவு செய்தார்களென்றால், கணினி வந்துவிட்ட இந்தக் காலத்தில் ஒரு கையை அந்தரத்தில் மிதக்கவிடுவது பிரமாதமா என்ன?

படமாக்கக் கூடாது என்போரின் கட்சியும் இலேசானதல்ல. மாயாவியின் புத்தகம் சிறியது. ஒரே மூச்சில் படித்து முடிக்கக் கூடியது. தமிழ்ப் படமோ இரண்டரை மணி நேரம் ஓடியாக வேண்டும். மீதி நேரத்துக்கு என்ன செய்வார்கள்? கதாநாயகி வருவாள். அவளுடன் கதாநாயகன் ஒரு மலைச்சாரலில் ஆடிப் பாடுவான். அப்போது அந்த இரும்புக் கையை எங்கே வைத்துக் கொள்வான் என்று நினைக்கும்போதே நமக்குக் கதி கலங்குகிறது. சிறிய புத்தகத்தைப் படமாக்குவதில் உள்ள சங்கடம் இதுதான். பெரிய நாவலைப் படமாக்கும்போது எதை வெட்டுவது என்பது கேள்வி. சிறிய புத்தகத்துக்கோ எதைச் சேர்ப்பது என்பது கேள்வி.

சேர்ப்பதெல்லாம் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. ரேமண்ட் பிரிக்ஸ் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் 1978-இல் 'பனி மனிதன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். முப்பத்திரண்டு பக்கம், ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஒரு பையன் பனியில் மனிதன் செய்கிறான். இரவில் அதற்கு உயிர் வருகிறது. விடிந்து பார்த்தால் உருகிப் போயிருக்கிறது. அவ்வளவுதான் கதை. 1982-இல் அதை அரை மணி நேரத்துக்கும் குறைவான படமாக எடுத்தார்கள். புத்தகத்தில் இல்லாத வடதுருவப் பிரயாணமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் படத்தில் சேர்ந்தன. ஆனால் கடைசியில் பனி மனிதன் உருகுவதை மாற்றவில்லை. பையன் தனியாக நிற்கிறான். படம் முடிந்து விடுகிறது. இன்றைக்கும் கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே ஜனங்கள் அதை விரும்பிப் பார்க்கிறார்கள்.

இப்படி இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கும்போது, படம் என்றதும் நமக்கு மட்டும் ஏன் வயிற்றைக் கலக்கிற்று? உண்மைக் காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

1973-ஆம் ஆண்டு சித்திரை மாதம். நமக்கு அப்போது வயது பத்து. அம்மை வார்த்திருந்தது. உள் அறையில் வேப்பிலைப் படுக்கை. கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று புத்தகத்தைத் தொடவே அம்மா தடை விதித்துவிட்டாள். அண்ணன் உள்ளே வரவும் தடை. அண்ணனுக்கு வயது பதினான்கு. அவன் கையில் அப்போதுதான் வாங்கிவந்த மாயாவிப் புத்தகம் ஒன்று இருந்தது. நிலைப்படிக்கு அப்பால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு அவன் அதைப் படிக்க ஆரம்பித்தான். சித்திரக் கதையைப் படத்தைக் காட்டாமல் எப்படிப் படிப்பது? படங்களையும் அவனே சொன்னான்.

"தம்பி, இப்போது ஒரு கதவு. சாத்தியிருக்கிறது. கிரீச் என்று சத்தம். கதவு தானாகத் திறக்கிறது. யாரும் வரவில்லை... இல்லை, பொறு. ஒரு கை மட்டும் வருகிறது."

இந்த இடத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிடுவான். "மிச்சம் நாளைக்கு!"

ஒரே மூச்சில் முடிய வேண்டிய புத்தகம் ஒன்பது நாள் ஓடிற்று. இரவெல்லாம் உடம்பு அரிக்கும். ஆனால் இருட்டில் அந்தக் கை கதவருகில் காத்துக்கொண்டிருக்கும்போது அரிப்பை யார் நினைத்தார்கள்? மூன்று தண்ணீர் ஊற்றி, வெளியே விட்டதும், நாம் முதலில் தேடி எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். எடுத்துப் பார்த்தால், ஐயோ, ஏமாற்றம்! நம் மனத்தில் கதவு அளவுக்கு வளர்ந்திருந்த கை, காகிதத்தில் கட்டை விரல் அளவுக்கு இருந்தது. கிரீச் என்ற சத்தம் எங்கும் அச்சாகியிருக்கவில்லை. அண்ணன் சொன்ன பேச்சுக்களில் பாதி புத்தகத்திலேயே இல்லை!

அவனிடம் போய்ச் சண்டை பிடித்தோம். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "அச்சடித்தவர்களுக்கு இடம் போதவில்லை, தம்பி. அதனால் விட்டுவிட்டார்கள்" என்றான்.

தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதிக் குடும்பத்தைத் தாங்கிய அந்தத் தமையனார் 2019-இல் காலமானார். அவர் வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியில் அந்தப் புத்தகம் இருக்கிறது. அதை எப்போது திறந்தாலும் மாயாவி பேசுவது அவருடைய குரலில்தான். பெரிய நடிகர் ஒருவர் கொட்டகையில் இடி முழக்கமாக மாயாவி வசனம் பேசிவிட்டால், அந்தப் பழைய குரல் நம் காதிலிருந்து போய்விடாதா? நம் பயம் இவ்வளவுதான். கலையைப் பற்றியோ தர்மத்தைப் பற்றியோ அல்ல.

ஆனால் பாயில் படுத்து யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் தெளிவாயிற்று. மாயாவியை முதன்முதலில் மாற்றியவர் நம் தமையனாரேதான்! வேண்டியதைச் சேர்த்தார், வேண்டாததை விட்டார். அதனால் புத்தகத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. முதல் நாள் ஏமாற்றிய அந்தச் சிறிய படத்தை ஒரு வாரத்துக்குள் நாம் பாராமல் படித்துவிட்டோம். அப்படியிருக்க, இன்னொருவர் தொடக் கூடாது என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?

தமையனார் சேர்த்தது என்ன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கதவின் சத்தம். கொஞ்சம் மௌனம். 'நாளைக்கு' என்ற காத்திருப்பு. எல்லாம் அந்தக் கையைப் பெரிதாக்குவதற்காகச் சேர்த்தவை. பிளாஸ்கோவின் கறுப்புக் கோடுகளில் உள்ள சோகமும் அந்தக் கையில்தான் இருக்கிறது. மாயாவியின் சொந்தச் சதையும் எலும்பும் மறைந்து போகின்றன. அவனுடையதல்லாத இரும்பு மாத்திரம் மிஞ்சுகிறது. அவன் எதை இழந்தானோ அந்த இடம் ஒன்றுதான் உலகத்தார் கண்ணுக்குத் தெரிகிறது. இது குழந்தைகளுக்கும் புரிகிறது. அதனால்தான் பயத்தோடு கூட அவன்மேல் பரிதாபமும் கொண்டோம்.

ஆகவே மாலையில் திண்ணைக்குச் சென்று தீர்ப்பைச் சொன்னோம். படம் எடுக்கலாம்; ஆனால் மூன்று நிபந்தனைகள். முதலாவது, கதாநாயகர் தம் முகத்தைத் தியாகம் செய்யச் சம்மதிக்க வேண்டும். 1933-ஆம் வருஷத்துப் படத்தில் கிளாட் ரெயின்ஸ் என்ற நடிகர், கடைசியில் உயிர் பிரிந்த பிறகுதான் தம் முகத்தைக் காட்டினார். நம் நட்சத்திரங்களில் யார் அதற்குத் துணிவாரோ, அவரே மாயாவியாக நடிக்கத் தகுந்தவர். இரண்டாவது, கிராண்டேல் ஆரம்பத்தில் கசந்த மனிதனாகவே இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே உத்தமன் என்று ஆக்கிவிடக் கூடாது. மூன்றாவது, எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் திரையில் முதலில் வரவேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகைகள் சித்திரக்காரர்களின் பெயரைப் போடும் வழக்கம் வைத்திருக்கவில்லை. நம் பால்யத்தை நிரப்பியவரின் பெயர் பிளாஸ்கோ என்று அறிய நமக்கே நரை தட்ட வேண்டியிருந்தது.

"முதல் நிபந்தனையிலேயே படம் நின்றுவிடும்" என்று தகப்பனார் கட்சி மகிழ்ந்தது. பையன் மட்டும் வேறொன்று கேட்டான்: "அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள், சின்னத் தாத்தா!" விசாரித்ததில், கட்சித் தலைவன் மாயாவியின் ஒரு கதையைக்கூடப் படித்ததில்லை என்று தெரியவந்தது!

தகரப் பெட்டியைத் திறந்தோம். அவனை எதிரில் உட்கார வைத்து, அண்ணன் படித்தது போலவே படித்தோம். கதவு வந்தது. கிரீச் என்றோம். பையன் மூச்சுவிடவில்லை. கை வந்தது. பட்டென்று புத்தகத்தை மூடி, "மிச்சம் நாளைக்கு!" என்றோம்.

அடுத்த கணம் புத்தகம் நம் கையில் இல்லை. பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டான். மாயாவி படம் வந்தால் முதல் நாளே நமக்கும் ஒரு டிக்கெட் வாங்குவதாக வாக்களித்திருக்கிறான். புத்தகத்தை எப்போது திருப்பித் தருவான் என்பதைப் பற்றி மாத்திரம் இதுவரை பேச்சில்லை.