அமிர்தசரஸ் வீட்டு விருந்து: ரொட்டியை யார் சுடுவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் அமிர்தசரஸில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கூடவே பனிமூட்டமும் இறங்கும். பொற்கோயிலைச் சுற்றியுள்ள பழைய நகரத்தின் குறுகலான தெருக்களில், கடுகுக்கீரையைக் கட்டுக்கட்டாக அடுக்கிய தள்ளுவண்டிகள் நிற்கும். பக்கத்திலேயே சிவப்பு கேரட், முள்ளங்கி, டர்னிப், புது வெல்லம். இரவு வீட்டுக்கு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால், இந்த ஊர் இல்லத்தரசியின் மெனு அந்தத் தள்ளுவண்டிக்கு முன்னால்தான் உருவாகும்.

பஞ்சாபி விருந்து என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பட்டர் சிக்கன், பனீர் பட்டர் மசாலா, நான். இதெல்லாம் ஹோட்டல் மெனு. 1947 பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து டெல்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய ‘மோதி மகால்’ போன்ற உணவகங்கள்தான் பட்டர் சிக்கனைப் பிரபலமாக்கின. பஞ்சாப் வீடுகளின் விருந்துக் கணக்கு வேறு. அங்கே மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் மெனு தானாக அமைந்துவிடும். யார் வருகிறார்கள்? இது எந்தப் பருவம்? ரொட்டியை யார் சுடுவது?

யார் வருகிறார்கள்?

அமிர்தம் ஏற்ற சீக்கியர்களுக்கு ஹலால் முறையில் வெட்டிய இறைச்சி கூடாது. அவர்களில் இறைச்சியே தொடாதவர்களும் ஏராளம். இந்துக் குடும்பங்கள் பலவற்றில் செவ்வாய்க்கிழமை அசைவம் கிடையாது. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களும் உண்டு. அதனால், முதல் நாளே போனில் கேட்டுவிடுவதுதான் மரியாதை.

எல்லோரும் கலந்து வருகிறார்கள் என்றால் பிரதான உணவு சைவமாகவே இருக்கும். மீன் சாப்பிடுபவர்களுக்காக, கடலை மாவும் ஓமமும் தடவிப் பொரித்த அமிர்தசரி மீன் ஒரு தட்டு தனியாக வரும். இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. பொற்கோயில் லங்கரில் தினமும் 50 ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். எந்த மதத்தவரும் தயங்காமல் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பதால் அங்கே சைவம் மட்டுமே. பருப்பு, காய், ரொட்டி, கீர். அவ்வளவுதான் மெனு. இரண்டாம் குருவான அங்கத் தேவின் மனைவி மாதா கீவி, நெய் சேர்த்த கீரை லங்கரில் பரிமாறியதைக் குரு கிரந்த சாஹிபே குறிப்பிடுகிறது. விருந்தில் பால் பாயசம் வைப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம்.

எந்தப் பருவம்?

கோடை என்றால் ராஜ்மா, மோர்க்குழம்புக்கு உறவான கடி, வந்தவுடன் கையில் ஒரு பெரிய டம்ளர் லஸ்ஸி. குளிர்காலம் என்றால் கதையே வேறு. இரவில் லஸ்ஸி தர மாட்டார்கள். இஞ்சி தட்டிப் போட்ட டீயும் சூடான பக்கோடாவும் வரும். அதுவும் அளவாகத்தான். பக்கோடாவிலேயே வயிறு நிறைந்துவிட்டால் சமைத்ததெல்லாம் வீண்.

குளிர்காலத்தின் ராஜா ‘சர்சோன் தா சாக்’. பன்னிரண்டு பேருக்கு இரண்டு கிலோ கடுகுக்கீரை, ஒரு கிலோ பாலக், அரை கிலோ சக்கரவர்த்திக்கீரை. பார்க்க மலைபோல இருக்கும்; வெந்தால் ஒரு பாத்திரத்துக்குள் அடங்கிவிடும். மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேகவிட்டு, மர மத்தால் கடைந்து, ஒரு பிடி மக்காச்சோள மாவு தூவிக் கெட்டியாக்குவார்கள். கடைசியில் இஞ்சி, பூண்டு தாளிப்பு. மேலே ஓர் உருண்டை வெண்ணெய்.

துணைக்கு, முந்தைய இரவே ஊறவைத்த முழு கறுப்பு உளுந்து. அதோடு ஒரு கைப்பிடி ராஜ்மா சேர்த்து நான்கைந்து மணி நேரம் அடுப்பிலேயே விட்டுவிடலாம். மிளகுக் காரத்தோடு இருக்கும் அமிர்தசரி உளுந்து வடகத்தை உருளைக்கிழங்கோடு சேர்த்து ஒரு குழம்பு. காலிஃபிளவர், டர்னிப், கேரட் போட்ட இனிப்புப் புளிப்பு ஊறுகாய். நறுக்கிய முள்ளங்கி, வெங்காயம். இனிப்புக்குச் சிவப்பு கேரட்டைத் துருவிப் பாலிலேயே வேகவைத்த கஜ்ரேலா. பசுமைப் புரட்சிக்குப் பிறகு பஞ்சாபின் வயல்களில் நெல் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டாலும், வீட்டு விருந்தில் சோறு இன்னும் ஓரத்தில்தான். தட்டின் நடுவே ரொட்டிதான்.

யார் சுடுவது?

இங்கேதான் பல விருந்துகள் சறுக்குகின்றன. எட்டு விருந்தாளி, வீட்டார் நான்கு பேர். ஆளுக்கு மூன்று என்றால் 36 ரொட்டி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருத்தி அடுப்படியில் நிற்க வேண்டும். சாக்குக்கு ஜோடியான மக்காச்சோள ரொட்டி இன்னும் மோசம். அந்த மாவில் இழுவை கிடையாது. வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையிலேயே தட்டி, உடையாமல் கல்லில் போட வேண்டும். ஆறினால் விறைத்துவிடும். அதனால் சுடச்சுடத்தான் தர வேண்டும்.

ஹாலில் சிரிப்பும் பேச்சும் கேட்கும். “ஹோர் லோ ஜி” என்று கணவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைப்பார். சுட்டவரோ எல்லோரும் கை கழுவிய பிறகு, ஆறிப்போன சாக்கோடு தனியாக உட்காருவார். “சாப்பாடு பிரமாதம், ஆனா உங்களோடதான் பேசவே முடியல” என்று சொல்லிக்கொண்டே விருந்தாளிகள் செருப்பைத் தேடுவார்கள்.

இதற்குப் பஞ்சாபே ஒரு வழி வைத்திருந்தது. ‘சாஞ்சா சூல்ஹா’ என்ற பொது அடுப்பு. தெருப் பெண்கள் பிசைந்த மாவோடு வந்து, பேசிக்கொண்டே ரொட்டி சுட்டுப் போவார்கள். இன்றும் சில தெருக்களில், மாவைக் கொடுத்தால் காசு வாங்கிக்கொண்டு சுட்டுத் தரும் தந்தூர் கடைகள் இருக்கின்றன. அனுபவசாலிகள் கோதுமை மாவை அங்கே அனுப்பிவிட்டு, வீட்டில் ஆளுக்கு ஒரு மக்காச்சோள ரொட்டி மட்டும் சுடுகிறார்கள். 36 பன்னிரண்டாகக் குறைகிறது. மற்றதெல்லாம் விருந்தாளி வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உளுந்தும் சாக்கும் காத்திருந்தால் ருசி கூடுமே தவிரக் குறையாது. கஜ்ரேலா முதல் நாளே தயார்.

மிச்சம் பன்னிரண்டு ரொட்டி. அதற்கும் லங்கர்தான் பாடம். அங்கே மாவு பிசைவதிலும் ரொட்டி தேய்ப்பதிலும் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. சாப்பிட்டு எழுந்தவர் அடுத்த பந்திக்காக ரொட்டி தேய்க்க உட்காரலாம். வீட்டிலும் முதல் ஆறை மனைவியும் அடுத்த ஆறைக் கணவரும் சுட்டால் போதும், இரண்டு பேருக்குமே விருந்தாளிகளோடு உட்கார நேரம் கிடைக்கும்.

அதனால் மெனு எழுதும்போது, உணவுப் பெயர்களுக்குக் கீழே கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சமைத்தவருக்கும் ஒரு தட்டு, எல்லோருடனும், சூடாக.